கீழ் வீட்டு விசில்

ஆகஸ்ட் 4, திங்கள்

பெர்னாட் காலையிலேயே வந்து, "டீச்சர், நம்ம தோட்டத்தோட சரித்திரத்த நீங்கதான் எய்தித் தரணும்" என்றான். கட்டடத்தை இடிக்கும் முன் கடைசியாக ஒரு கூட்டம் போடப் போகிறார்களாம். அதில் எழுந்து வாசிக்க ஏதாவது வேண்டுமாம். சங்கச் செயலாளர் என்று பெயர் அவனுக்கு, எழுதுகிற வேலை எனக்கு. நான் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, இந்தச் சாயக்காரன் தோட்டம் குடியிருப்பில் மனு, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் தலையில்தான் விடிகிறது. நான் நேராக எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். முதலில் இதில் தினமும் கிறுக்கி வைக்கிறேன், பிறகு பொறுக்கிக்கொள்ளலாம்.

பி பிளாக்கும் சி பிளாக்கும் காலி. எங்கள் ஏ பிளாக்கிலும் சில குடும்பங்கள்தான் மிச்சம். இந்த மாதக் கடைசிக்குள் நாங்களும் போக வேண்டும். இதே இடத்தில் ஒன்பது மாடி கட்டித் தருவார்களாம். அதுவரை எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் வாடகைக்கு இருந்துகொள்ள வேண்டும்.

இவரைச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர் தணிகாசலம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பெரிய டாக்டர் நல்ல மனிதர். "இனிமே இங்க வெச்சு ஊசி குத்தி எதுக்கும்மா கஷ்டப்படுத்தணும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அவர் கேக்கறதைக் குடுங்க" என்றார். உண்மைதானே, ஆஸ்பத்திரிச் சாப்பாடு யாருக்கு ஒத்துக்கொள்ளும்? வீட்டுக் கஞ்சி நாலு நாள் உள்ளே போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கட்டிலைப் பின்னறையில் ஜன்னலோரமாகப் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சரித்திரத்துக்காக: நாங்கள் குடி வந்தபோது இங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. வீடு இருந்தது, சுவர் இருந்தது, வாஷ்பேசின்கூட இருந்தது. குழாயில் காற்றுதான் வந்தது. மூன்று பிளாக்குக்கும் நடுவில் ஒரு அடிபம்பு. குடம் வைத்து இடம் பிடிப்பதில் நடந்த சண்டைகளை எழுதினால் அதுவே தனிப் புத்தகம் ஆகும். பிறகு மேல் தொட்டி வந்தது. அப்புறம் என் பால்வாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. அதன் பக்கத்தில் டிவி ரூம். பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவிக்கு இவர். ஞாயிற்றுக்கிழமை படம் ஆரம்பிக்கும் முன் இவர் சாவியை ஆட்டிக்கொண்டு நடந்து வருவார். குழந்தைகள் பின்னால் ஓடி வரும். என்னவோ மந்திரியே வருகிற மாதிரி!

இன்று அரைத் தம்ளர் கஞ்சி. நேற்றைவிடப் பரவாயில்லை என்று நினைக்கிறேன். பழைய போர்வையை ஊறவைத்துத் துவைத்தேன். காயவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

படிக்கட்டைப் பற்றி எழுதாமல் இந்தக் குடியிருப்பின் சரித்திரத்தை எழுத முடியாது. அதனால் இன்று அதையே எழுதிவிடுகிறேன்.

எங்கள் படி குறுகல். ஏறும்போது தெரியாது, திரும்புகிற இடத்தில் தெரியும். பீரோ வாங்கியவர்கள் எல்லோரும் கயிறு கட்டி வெளிச்சுவர் வழியாகத்தான் மேலே தூக்கினார்கள். அதைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு மூன்றாவது மாடி கன்னியப்பன் இறந்துபோனார். பாடையைப் படித் திருப்பத்தில் திருப்ப முடியவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். கடைசியில் மனிதரை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் மார்போடு சேர்த்துக் கட்டி இறக்கினார்கள். தலை ஆடிக்கொண்டே வந்தது. அவர் மனைவி பாப்பம்மா மேல்படியில் நின்று, "உக்கார வெச்சு எங்கடா இட்டுக்கினு போறீங்க அவர, சினிமாவுக்கா?" என்று கத்தினாள். கீழே நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அன்று சாயங்காலம் துக்க வீட்டு வாசலில் இவர் எழுந்து நின்று, "கீழ எங்க வூட்டு முன்ரூம் இருக்குது. ஒடம்பு முடியாதவங்கள முன்னாடியே அங்க எறக்கி வெச்சிக்கலாம். இனிமே இந்த பிளாக்குல யாரும் நாற்காலில எறங்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடியில் கைக்குழந்தையோடு கூட்டத்தில் உட்கார்ந்துதான் நானும் அதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து நான் போட்ட சண்டையை இங்கே எழுத வேண்டாம்.

எங்கள் வாசல் நேரே முற்றத்தில் திறக்கும். படிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்னறையில் படுத்தவரைப் படுத்தபடியே, ஒரு திருப்பமும் இல்லாமல், தெருவுக்குக் கொண்டுபோகலாம். அப்படித்தான் ஆரம்பித்தது. டீக்கடை ரத்தினம், அப்புறம் பாப்பம்மாவே, பெர்னாட்டின் அப்பா, நூர்ஜகானின் மாமியார், இன்னும் எத்தனையோ பேர். "கீழ இறக்கியாச்சு" என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அதற்கென்று சில வழக்கங்களும் வந்துவிட்டன. யாரும் சட்டம் போடவில்லை. ரத்தினம் படுத்திருந்தபோது மாடியில் குக்கர் விசில் அடித்தால் அவருக்குத் தூக்கிவாரிப் போடும். பெண்கள் தாங்களாகவே குக்கரை எடுத்து வைத்துவிட்டுப் பானையில் சோறு வடித்தார்கள். அதிலிருந்து ஒருவர் கீழே இருந்தால் பிளாக்கில் விசில் கிடையாது. கிரைண்டர் கிடையாது. பகலில் யாராவது ஒருத்தர் முதல் படியில் உட்கார்ந்திருப்பார்கள், ஒத்தாசைக்கு. வீட்டைப் பூட்டிக்கொண்டு யாரும் வெளியூர் போவதில்லை. பெர்னாட்டின் அப்பாவுக்காக என் தங்கை மகள் கல்யாணத்துக்கே நான் போகவில்லை. தங்கை இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எடுத்துக்கொண்டு போன பிறகு முதல் விசில் எங்கள் வீட்டில்தான் அடிக்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு முதலில் வைக்க மனசு வராது. நான் இதிலெல்லாம் கறார். வீட்டைக் கழுவிவிட்டு அன்று சாயங்காலமே குக்கரை வைத்துவிடுவேன். பிழைப்பைப் பார்க்க வேண்டாமா? "டீச்சர் வூட்டு விசில் வந்துடுச்சு" என்று மாடியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னார். முன்னறையில் காற்று அதிகம், சளி பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினோம். மிச்சமிருக்கிற குடும்பங்கள் எல்லாம் வந்தன. மிட்டாய் மிஞ்சிப்போனது.

கொடிக்குக் கீழேயே பெர்னாட் ஒரு குண்டைப் போட்டான். புதுக் கட்டடத்தில் வரப்போகும் லிஃப்ட் சின்னதாம், ஸ்ட்ரெச்சர் நுழையாதாம். "ஒம்போது மாடிலருந்து ஆள எப்டி எறக்கறது? மறுபடியும் நாற்காலியா? லிஃப்ட்ட பெருசு பண்றேன்னு சொல்ற வரைக்கும் ஏ பிளாக் காலி பண்ணாது" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அதுவரை சரி. பி பிளாக்கும் சி பிளாக்கும் போகும்போது இந்த லிஃப்ட் ஞாபகம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. முதல் மாடி நூர்ஜகான் அம்பத்தூரில் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள். அவளும் கை தட்டுகிறாள்!

எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான், மறைப்பானேன். இவர் கொஞ்சம் தேறட்டும். நடக்கிற மனிதராக அழைத்துக்கொண்டு போகலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெயில். போர்வை இரண்டு, லுங்கி நான்கு, தலையணை உறை. எல்லாம் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. நிறைய வீடுகள் காலியானதால் பிளாக் ஒரே அமைதி. முன்பெல்லாம் காலையில் மாடி மாடியாக ஒரு சந்தடி இருக்கும். இட்லிக் கடைக்கு மாவு அரைக்கும் நூர்ஜகான் இப்போது கிரைண்டரை டிவி ரூமுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். கேட்டால், வீட்டில் பிளக் பாயிண்ட் சரியில்லை என்கிறாள்.

பெர்னாட்டுக்கு மூன்றாவது மாடியில் அழகான பால்கனி இருக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கள் முதல் படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். "இன்னா பெர்னாட், மேல இடமில்லியா?" என்றேன். "முட்டி வலி டீச்சர், ஏறி எறங்க முடில" என்றான். வயசாகிறது அவனுக்கும்.

நானும் குக்கர் வைக்கிறதில்லை. இவருக்குக் கஞ்சி, எனக்கு அதே கஞ்சி. அதற்கு எதற்குக் குக்கர்? கழுவுகிற வேலை மிச்சம்.

கால் வீக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. உப்பைக் குறைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவடியிலிருந்து மகள் மஞ்சுளா வந்தாள். வந்ததும் அப்பாவைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்கள்.

பிறகு, "அம்மா, அப்பாவ எங்க வூட்டுக்கு இட்டுக்கினு போறேன். இங்க தண்ணியும் சரியா வரல, பக்கத்துல மனுசாளும் இல்ல" என்றாள்.

நான் சரியென்றே சொல்லியிருப்பேன். ஆனால் பின்னறையிலிருந்து குரல் வந்தது. அத்தனை தூரம் கேட்கிற அளவுக்கு அவர் சத்தமாகப் பேசி நாளாயிற்று.

"உங்க வூடு எந்த மாடிம்மா?"

"ரெண்டாவதுப்பா."

"படி எப்டி?"

மஞ்சுளா கவிழ்த்து வைத்த தம்ளரை எடுத்து மறுபடியும் தேய்த்தாள். "நான் இங்கியே இருக்கறேன்" என்றார் அவர்.

ஒரு மனிதருக்கு வெளியூருக்குப் போக இஷ்டமில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான். புறப்படும்போது மஞ்சுளா என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, கட்டில முன்னாடி போட்றலாமே" என்றாள். முன்னறையில் துணி காயப்போட்டிருக்கிறேன், இடமில்லை என்றேன். சிடுசிடுவென்றுதான் சொன்னேன். பஸ் ஏறிப்போன பிறகு கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை ஒரு வாய் சாப்பிட்டார். பூரணத்தை மட்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

கெடு முடிந்துவிட்டது. பி பிளாக்கை இடிக்கிற ஆட்கள் மண்வாரி இயந்திரத்தால் தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள். காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரியும் வரவில்லை. இவருக்கு இரண்டு முறை துணி மாற்ற வேண்டியிருந்தது. இருந்த தண்ணீரில் இவரைத் துடைத்தேன். துவைக்கத் தண்ணீர் இல்லை. ஈரத் துணியை வாளியில் போட்டு மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சுற்றி வளைத்து எழுதுவானேன், அழுதேன்.

பிறகு கோபம் வந்தது. வெளியே போய், படியில் உட்கார்ந்திருந்த பெர்னாட்டிடம், "உங்க வீம்புக்கு நாங்க கஷ்டப்படணுமா? லிஃப்ட் வந்தா என்ன, வராட்டி என்ன? ஒன்பது மாடி கட்டி முடிக்கும்போது நாம எல்லாரும் இருக்கப் போறோமா?" என்றேன். அவன் பேப்பரை மடித்தான். மறுபடி பிரித்தான். "தண்ணி நான் பாத்துக்கறேன் டீச்சர்" என்றான். அரை மணி நேரத்தில் வாசலில் குடங்கள் வரிசையாக வந்துவிட்டன. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிளில் கொண்டு வந்திருக்கிறார்கள்.

முட்டி வலிக்காரன் எப்படி சைக்கிள் மிதிக்கிறான்?

செப்டம்பர் 3, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதுக் கட்டடம் கட்டித் தருகிற வாரியத்திலிருந்து எஞ்சினியர் வந்தாள். மஞ்சுளாவைவிடச் சின்னப் பெண். உடைந்த குழாயைப் பார்த்துவிட்டு என் வாசலுக்கு வந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில், "அம்மா, நீங்க எப்ப காலி பண்றீங்கன்னு தெரிஞ்சா நாங்க அதுக்கேத்த மாதிரி வேலையை வச்சுக்குவோம்" என்றாள். நான் விட்டேனா? "லிஃப்டைப் பெரிசு பண்ணுங்க, இந்த நிமிஷமே போறோம்" என்றேன்.

அவள் விழித்தாள். "லிஃப்டா? அது போன மாசமே பிளானை மாத்தியாச்சேம்மா. ஸ்ட்ரெச்சர் லிஃப்ட்தான் வருது. படியும் அகலம். சங்கத்துல பெர்னாட் சார்கிட்ட அப்பவே சொல்லிட்டோமே."

அந்தப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டுப் படிக்குப் போனேன். பெர்னாட் வழக்கமான இடத்தில் இருந்தான். நூர்ஜகான் அவனுக்கு டீ கொண்டு வந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே இன்னும் இரண்டு மூன்று பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எதுக்கு பெர்னாட் பொய் சொன்ன? லிஃப்ட்டுக்கு ஒத்துக்கிட்டாங்கன்னு ஏன் எங்கிட்ட மறைச்ச? இன்னும் என்ன வாங்கலாம்னு உக்காந்திருக்க?" பால்வாடியில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. "உள்ள ஒரு மனுஷன் தண்ணி இல்லாம கெடக்கிறாரு, உனக்குப் பேரம் கேக்குதா?"

அவன் டீ தம்ளரைப் படியில் வைத்துவிட்டு எழுந்து நின்றான், என் முன்னால் தப்பு செய்த பிள்ளை நிற்கிற மாதிரி. அவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது.

நூர்ஜகான்தான் பேசினாள். "அக்கா, ஆள் கீழ இருக்கச்சொல்ல பிளாக்க வுட்டு யாரு போவாங்க?"

"எந்த ஆள் கீழ இருக்கு? முன்ரூம் காலியாதானே கெடக்கு?"

"ஆமாக்கா. நீங்க முன்ரூம்ல போடல. போடாதப்போ நாங்க எப்டி வந்து உங்ககிட்ட சொல்றது, அண்ணனுக்காக நிக்கறோம்னு? அதான் பெர்னாட் அண்ணன் லிஃப்ட்டு லிஃப்ட்டுன்னு ஒண்ண சொல்லிக்கினு இருந்தாரு."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தேறி வருகிறார், கஞ்சி குடிக்கிறார், வீக்கம் உப்பினால் வந்தது, இவற்றில் ஏதோ ஒன்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க விசில் போட்டு எவ்ளோ நாளாச்சு, கவனிச்சீங்களா? நீங்களும்தான் குக்கர் வெக்கலியேக்கா."

பெர்னாட் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். எஞ்சினியர்ப் பெண் எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது.

உள்ளே வந்தேன். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். ஒன்றும் கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

முன்னறைக் கொடியிலிருந்து துணிகளை எடுத்தேன். தரையை ஈரத்துணியால் துடைத்தேன். கட்டிலை முன்னறையில் போட்டோம். பெர்னாட் தலைப்பக்கம், நான் கால்பக்கம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையிலிருந்து ஆட்கள். பி பிளாக்கில் இருந்தவர்கள், சி பிளாக்கில் இருந்தவர்கள், எண்ணூரிலிருந்து, செங்குன்றத்திலிருந்து, எங்கெங்கேயோ வாடகைக்குப் போனவர்கள் எல்லாம் வந்தார்கள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வாசலில் செருப்பு ஒழுங்காக வரிசையில் கிடந்தது. கல்யாண வீட்டில்கூட அப்படி இருக்காது. டிவி ரூம் சாவிக்குப் பின்னால் ஓடின பிள்ளைகள் நரைத்த தலையோடு வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவருக்குச் சிலரை அடையாளம் தெரிந்தது. தெரியாதவர்களையும் தெரிந்த மாதிரியே பார்த்தார்.

மஞ்சுளா லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மத்தியானம் கூட்டம் குறைந்தபோது இவர் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். திறந்தேன். வெளிச்சம் கட்டில் வரை வந்தது. முற்றம் தெரிந்தது, அதற்கப்பால் தெரு, டீக்கடை, ஆட்டோ. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா நேராதான் இருக்குது" என்றார்.

எனக்குப் புரிந்தது. "என்னக் கேக்காமதானே அன்னிக்கு எல்லாருக்கும் சொன்னீங்க" என்றேன். இத்தனை வருடம் கழித்து அதே சண்டை.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான்."

"அதான் கேக்கல." சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது, இருந்தும் சிரித்தார். பிறகு, "ஆனா பூங்காவனம், அத்தினி பேரையும் நீதானே பாத்துக்கினே. நான் சொன்னதோட சரி" என்றார்.

இந்த மனிதர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று. ஊருக்கெல்லாம் நான் டீச்சர், அவருக்கு நான் "இந்தா". நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒன்றும் சாப்பிடவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். பெர்னாட், நூர்ஜகான், பெர்னாட் என்று மாறி மாறிப் படியில் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 10, புதன்

இன்று காலை, நூர்ஜகான் டீ கொண்டு வந்த நேரத்தில்.

செப்டம்பர் 11, வியாழன்

படுத்தபடியே போனார். பெர்னாட் முன்னால் நின்று, "நேரா, நேரா வாங்க" என்று சொல்லிக்கொண்டே போனான். சொல்லத் தேவையே இல்லை. எங்கேயும் இடிக்கவில்லை. நான் வாசற்படி வரைதான் போனேன். தெரு திரும்புகிற வரை அவர் முகம் எனக்குத் தெரிந்தது.

செப்டம்பர் 13, சனி

மஞ்சுளா தலைவாரிவிட்டாள். எண்ணெய் வைக்க வேண்டாம் என்றேன். மழை தூறியது.

செப்டம்பர் 15, திங்கள்

மேலே எல்லோரும் சாமான்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்தேன். மூட்டைகள் கதவோரம் இருக்கின்றன. ஆனால் யாரும் லாரி கூப்பிடவில்லை. இன்னும் ஏன் போகாமல் இருக்கிறார்கள் என்று மஞ்சுளாவைக் கேட்டேன். அவள், "தெரிலம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

சாப்பாடு எல்லாம் மேலேயிருந்துதான் வருகிறது. மத்தியானம் நூர்ஜகான் சோறும் பருப்பும் கொண்டு வந்தாள். பானையில் வடித்த சோறு. பருப்பு முக்கால் வேக்காடு, கையில் நசுங்கவில்லை. அவள் கைச் சமையல் அப்படி இருக்காது. "இன்னா நூர்ஜகான், பருப்பு வேகல?" என்று கேட்டுவிட்டேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பானையில வெச்சது, அப்டிதான்க்கா இருக்கும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ பேருக்கு அன்று சாயங்காலமே நான் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறேன். வீட்டைக் கழுவிய ஈரம் காய்வதற்குள். பாப்பம்மாவின் பேத்தி அந்த விசிலைக் கேட்டு ஓவென்று அழுதது ஞாபகம் வந்தது. அன்று, இதற்கென்ன அழுகை, பசிக்காதா என்று நினைத்தேன். முதல் விசில் இங்கேதான் அடிக்க வேண்டும் என்று எனக்கு எடுத்துச் சொல்கிற தைரியம் ஒருவருக்கும் இல்லை. எல்லோருக்கும் சொன்னது நான்தானே.

குக்கரைப் பரணிலிருந்து இறக்கினேன். ரப்பர் காய்ந்து விறைத்திருந்தது. தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தேன். "நான் வெக்கறேம்மா" என்று மஞ்சுளா எழுந்தாள். வேண்டாம் என்றேன். அரிசி களைந்தேன். தண்ணீர் ஊற்றினேன். மூடியைப் போட்டு வெயிட்டை வைத்தேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ஆவி வர ஆரம்பித்ததும் வெயிட்டைத் தூக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தூக்கவில்லை.

அடித்தது.

இத்தனை சின்ன வீட்டில் அது எவ்வளவு பெரிய சத்தம். முன்னறையில் கட்டில் இருந்த இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நான் மேடையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். மஞ்சுளா வந்து பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். இரண்டாவது விசில் அடித்தது, மூன்றாவதும். அடுப்பை அணைத்தேன்.

மேலே சத்தமே இல்லை. பிறகு முதல் மாடியில், நூர்ஜகான் வீட்டில், ஒன்று. இரண்டாவது மாடியில் ஒன்று. பிறகு எல்லாம் சேர்ந்து. பெர்னாட் வீட்டுக் குக்கருக்கு எப்போதுமே ஒரு கரகரப்பு உண்டு. கடைசியாக அது கேட்டது.

சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. மஞ்சுளாவும் நானும் சாப்பிட்டோம். சரித்திரத்துக்கு நான் அந்தப் படிக்கட்டுப் பக்கத்தை மட்டும்தான் கொடுக்கப்போகிறேன். குழாயையும் டிவி ரூமையும் பெர்னாட்டே எழுதிக்கொள்ளட்டும். படியில் நின்றுகொண்டு அவன் லாரிக்காரனுக்குப் போன் பண்ணுகிற சத்தம் கேட்கிறது. நாளைக் காலை முதல் வண்டி எங்களுக்காம்.